தேவையும் தகுதியும்: சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண் விண்ணப்பதாரர்கள் (1875–1912)

ஆய்வுச் சுருக்கம்

1875ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களை மாணவியராக ஏற்றது. அப்போது பிரிட்டனின் எந்தப் பல்கலைக்கழகமும் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்கவில்லை. இம்முந்துதலுக்குக் காரணம், விண்ணப்பித்தவரின் தகுதியைவிட நோயாளியின் தேவையை முன்னிறுத்திய வாதமே என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மேரி ஷார்லீப், கிருபாபாய் சத்தியநாதன், அபலா தாஸ், ஆனந்திபாய் ஜோஷி, முத்துலட்சுமி ரெட்டி ஆகியோரின் வாழ்க்கைச் செய்திகள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: மருத்துவக் கல்வி, சேர்க்கை, பெண் கல்வி, சென்னை மாகாணம், கோஷா மருத்துவமனை.

முன்னுரை

மருத்துவம் பயில வருபவர் எவ்வயதினராக, எப்பாலினராக, எவ்வழியே பள்ளிக் கல்வி முடித்தவராக இருப்பார் என்னும் எதிர்பார்ப்பு ஒவ்வொரு காலத்திலும் உண்டு. அவ்வெதிர்பார்ப்பில் அடங்காத ஒருவர் விண்ணப்பிக்கும்போதுதான் நிறுவனம் தன் வழக்கங்களுக்குக் காரணம் கூற வேண்டிய நிலை ஏற்படுகிறது. ஆதலின் இத்தகைய விண்ணப்பங்கள் தனிமனிதரின் துணிவை மட்டுமன்றி, நிறுவனத்தின் மனப்பாங்கையும் காட்டும் வரலாற்றுச் சான்றுகளாகின்றன.

பெண் மருத்துவர்களின் வரலாற்றில் ‘முதலாமவர் யார்’ என்னும் வினாவே பெரிதும் எழுப்பப்படுகிறது. இக்கட்டுரை அவ்வினாவை விடுத்து வேறு இரண்டை எழுப்புகிறது. எக்காரணத்தைக் கூறிக் கல்லூரியின் கதவு திறக்கப்பட்டது? அக்காரணம், உள்ளே சென்றவர்களின் கல்வியையும் பணியையும் எவ்வாறு வரையறுத்தது?

எடின்பரோவும் சென்னையும்

சென்னை நிகழ்வின் தன்மையை உணர அக்காலப் பிரிட்டனின் நிலையை நோக்குதல் வேண்டும். 1869இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயில விண்ணப்பித்தார். ஒரே ஒரு பெண்ணுக்காகத் தனி ஏற்பாடு செய்ய இயலாது என்று அவ்விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் வேறு பெண்களையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் முயன்றார். ‘எடின்பரோ எழுவர்’ எனப் பின்னர் அறியப்பட்ட அப்பெண்கள் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்றனர். ஆயினும் 1870 நவம்பர் 18 அன்று அறுவை மருத்துவர் மன்றத்தில் தேர்வு எழுதச் சென்ற அவர்களை மாணவர் கூட்டம் வழிமறித்துக் கலகம் செய்தது. பெண்களைச் சேர்த்துக்கொண்டதே பல்கலைக்கழகத்தின் அதிகாரத்திற்குப் புறம்பானது என 1873இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1874இல் இலண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டபோதிலும், அதன் மாணவியர் நோயாளிகளிடையே பயிற்சி பெற 1877 வரை எந்தப் பெரிய மருத்துவமனையும் இடந்தரவில்லை.

இவ்விடைக்காலத்தில்தான் சென்னை பெண்களை ஏற்றது. 1835இல் மருத்துவப் பள்ளியாகத் தோன்றி, 1850 முதல் கல்லூரி என்னும் பெயர் பெற்றிருந்த அந்நிறுவனத்தில் 1875இல் நான்கு பெண்கள் சேர்ந்தனர். சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக முன்னர் விளங்கியவரும், அப்போது மாகாண மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவருமான எட்வர்ட் பால்ஃபோர் இதற்கான முயற்சியை முன்னெடுத்தார். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுக்கும் கோஷாப் பெண்களும் உயர்சாதிப் பெண்களும் சிகிச்சையின்றி இறக்கின்றனர், அவர்களை அணுகப் பெண் மருத்துவர்கள் தேவை என்பதே இம்முயற்சிக்கு அடிப்படையாக அமைந்த வாதம்.

எடின்பரோவில் பெண்கள் கேட்டது ஆண்களுக்குரிய அதே கல்வியையும் அதே பட்டத்தையும் ஆகும். அதனை வழங்கினால் அவர்கள் அதே நோயாளிகளுக்காக ஆண் மருத்துவர்களோடு போட்டியிடுவர். சென்னையில் முன்வைக்கப்பட்ட வாதத்திலோ, பெண் மருத்துவர் நாடிச் செல்லும் நோயாளி, ஆண் மருத்துவரை எந்நாளும் அணுகாதவர். எனவே ஆண் மருத்துவருக்கு இழப்பில்லை. குடியேற்ற நாட்டின் கல்லூரி தாய்நாட்டுப் பல்கலைக்கழகத்தைவிட முற்போக்கானது என்று இதனைக் கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது. சென்னையில் கேட்கப்பட்டது குறைவு. ஆதலின் அது எளிதில் கிடைத்தது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

மேரி ஷார்லீப்: சான்றிதழும் பட்டமும்

அந்நால்வருள் மேரி ஷார்லீப் பல வகையிலும் வழக்கத்திற்கு மாறான மாணவி. 1845இல் பிறந்த அவர், வழக்கறிஞர் வில்லியம் ஷார்லீப்பை மணந்து 1866இல் சென்னை வந்தார். கல்லூரியில் சேர்ந்தபோது முப்பது வயதை எட்டியிருந்தார். குழந்தைகளுக்குத் தாயாகவும் இருந்தார். பிரசவ மருத்துவமனையில் பேறுகாலப் பயிற்சி பெற்றிருந்தமையே அவருக்கு இருந்த முன்தகுதி.

1878இல் அவர் மருத்துவம், அறுவை, பேறுகாலம் ஆகியவற்றில் உரிமச் சான்று பெற்றார். அது பல்கலைக்கழகப் பட்டம் அன்று. அதனை அவர் முடிவாகக் கொள்ளாமல் இலண்டன் சென்று, பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1882இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தைப் பேறுகால மருத்துவத்தில் தங்கப்பதக்கத்துடன் பெற்றார். 1883இல் சென்னைக்குத் திரும்பியவர், முன்னர்த் தாம் பயின்ற கல்லூரியிலேயே பேறுகால மருத்துவம் கற்பித்தார். பல்கலைக்கழகத் தேர்வாளராகவும் பணியாற்றினார். சான்றிதழுக்கும் பட்டத்துக்கும் இடைப்பட்ட தொலைவை அவரால் கடக்க முடிந்தமைக்கு இலண்டன் சென்று மீண்டும் பயில இயன்ற குடும்பச் சூழல் துணைநின்றது. அத்தகைய சூழல் பிறருக்கு வாய்க்கவில்லை.

பின்வந்தவர்களும் வாராதவரும்

1878இல் கிருபாபாய் இக்கல்லூரியில் சேர்ந்தார். அகமதுநகரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு இங்கிலாந்து சென்று பயிலும் வாய்ப்பு உடல்நலக் குறைவால் கைகூடவில்லை. சென்னையில் முதலாண்டில் சிறந்து விளங்கியபோதிலும் உடல்நிலை மேலும் குன்றவே படிப்பைக் கைவிட்டார். பின்னாளில் அவர் எழுதிய ‘சகுணா’ என்னும் ஆங்கிலப் புதினம், தன் வரலாற்றுச் சாயலில் இக்கல்விப் பட்டறிவையும் பதிவு செய்கிறது. 1882இல் வங்காளத்திலிருந்து அபலா தாஸ் வந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்கவில்லை; ஆதலின் வங்க அரசின் உதவித்தொகையுடன் அவர் சென்னையை நாடினார். அவரும் உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்கவில்லை. பிற்காலத்தில் அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போஸின் துணைவியாராகவும் கல்விப் பணியாளராகவும் அவர் அறியப்பட்டார்.

இவர்களோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கவர் சென்னைக்கு வாராத ஆனந்திபாய் ஜோஷி. பிறந்து சில நாள்களிலேயே குழந்தையை இழந்த இளந்தாய் அவர். அமெரிக்கா செல்லும் முன் 1883இல் செராம்பூரில் ஆற்றிய உரையில், இந்தியாவிலேயே பயிலலாகாதா என்னும் வினாவுக்கு அவர் விடையளித்தார். சென்னையில் ஒரு கல்லூரி இருப்பதை வெளிப்படையாகக் குறிப்பிட்டே, அங்குக் கிடைக்கும் கல்வி போதாதது எனவும், கற்பிப்போர் பழைமைப் போக்கினர் எனவும் அவர் மதிப்பிட்டார். இந்துப் பெண்களுக்குப் பெண் மருத்துவர் தேவை என்னும் வாதத்தை அவரும் எடுத்தாண்டார். எனினும் தேவையைக் காட்டிக் குறைந்த கல்வியைப் பெற அவர் உடன்படவில்லை. பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1886இல் பட்டம் பெற்று நாடு திரும்பிய அவர், 1887 பிப்ரவரியில் காசநோயால் இறந்தார். சென்னையின் கதவு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எவ்வாறு தோன்றியது என்பதற்கு அவருடைய உரை அரிய சான்றாகும்.

பெயர்களில் வெளிப்படும் தேவை

தேவை வாதத்தின் செல்வாக்கை அக்கால நிறுவனப் பெயர்களே காட்டுகின்றன. ஷார்லீப்பின் முயற்சியால் 1885இல் சென்னையில் தோன்றிய விக்டோரியா மருத்துவமனை, ‘சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்’ உரியது என்னும் அடைமொழியைத் தாங்கியிருந்தது. மக்கள் வழக்கில் அது ‘கோஷா ஆஸ்பத்திரி’ ஆயிற்று. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது. அதே 1885இல் தோன்றிய டஃபரின் நிதியமும் ‘இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவ உதவி’ வழங்குவதையே தன் முழுப்பெயரில் கொண்டிருந்தது. இவ்விரு பெயர்களிலும் நோயாளி யார் என்பதே மருத்துவர் யார் என்பதைத் தீர்மானிக்கிறது. இத்தகைய நிறுவனங்கள் பெண் மருத்துவருக்குப் பணியை உறுதிசெய்தன. ஆனால் பேறுகாலமும் மகளிர் நோயுமே அவருக்குரிய துறைகள் என்னும் எல்லையும் அவற்றோடு உடன்வந்தது.

புதுக்கோட்டை வழி

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியின் வரலாறு வேறொரு தடையை வெளிப்படுத்துகிறது. அவர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது, அங்குப் பெண்கள் பயிலத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அவருக்குக் கடினமாக இருந்தது அக்கதவு வரை வந்துசேரும் வழியே. பூப்பெய்திய பின் பள்ளி செல்ல இயலாமல் வீட்டிலிருந்தே பயின்று 1902இல் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதோடு தாயார் தேவதாசி மரபினர் என்பதும் எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. அவர் தந்தை நாராயணசாமி ஐயர் அக்கல்லூரியோடு தொடர்புடைய கல்வியாளராக இருந்தும் எதிர்ப்பு தணியவில்லை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆதரவாலேயே அவருக்கு இடம் கிடைத்தது.

ஒரு கலைக்கல்லூரிக்குப் பெண் மாணவி ‘தேவை’ என யாரும் வாதிட இயலாது. கோஷாப் பெண்களின் துன்பத்தைக் காட்டி இண்டர்மீடியட் வகுப்பில் இடம் கேட்க முடியாது. மருத்துவக் கல்லூரியைத் திறந்த வாதம், அதற்கு முந்தைய படியில் பயனற்றுப்போகிறது. அங்கு எஞ்சியிருந்தவை விண்ணப்பதாரரின் தகுதியும் மன்னரின் அதிகாரமுமே. தொழிற்கல்லூரியின் சேர்க்கை விதியை மட்டும் ஆராய்ந்தால், அவ்விதியைச் சென்றடைய இயலாமற்போனவர்கள் கணக்கில் வாராமல் போவர் என்பதனை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

1912இல் முத்துலட்சுமி எம்.பி., சி.எம். பட்டம் பெற்றார். எனினும் தேவை வாதத்தின் எல்லை அவரையும் தொடர்ந்தது. அவர் 1925இல் உயர்பயிற்சிக்கு இங்கிலாந்து சென்றதும் மகளிர், குழந்தைகள் நோய்த் துறைக்காகவே.

முடிவுரை

தேவை வாதம் எடின்பரோவில் வழக்காடியும் திறக்காத கதவைச் சென்னையில் திறந்தது. அதன் பயனை மறுத்தற்கில்லை. கோஷா ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்த தாய்மாரே அதற்குச் சாட்சி. ஆயினும் அது விண்ணப்பித்தவரைப் பிறரது தேவையின் கருவியாக ஏற்றதேயன்றி, கல்விக்கு உரியவராக ஏற்கவில்லை. அதனால் கல்வியின் அளவும் பணியின் எல்லையும் அத்தேவைக்கு உட்பட்டே வகுக்கப்பட்டன. ஷார்லீப் இலண்டன் சென்றதும் ஆனந்திபாய் சென்னையைத் தவிர்த்ததும் அவ்வெல்லையை அவர்கள் உணர்ந்திருந்தமையைக் காட்டுகின்றன.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி, 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியில் உருவாகியும், அதன் பெயரில் நோயாளியின் பாலினத்தையோ சாதியையோ குறிக்கும் அடைமொழி இல்லை. 1885இன் பெயரையும் 1954இன் பெயரையும் அருகருகே வைத்து நோக்கினால், இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் பெண் மருத்துவர் கடந்துவந்த தொலைவு புலப்படும்.