சவ்வரிசியும் மரவள்ளியும்

இத்தாலிய நாட்டார் 'பாஸ்தினா' எனும் கோதுமைச் சிறுமணிகளைச் சாற்றில் வேகவைத்துக் குழந்தைகட்கும் நோயாளிகட்கும் ஊட்டுவர். நம் இல்லங்களில் அவ்விடத்தைப் பெற்றிருப்பது சவ்வரிசிக் கஞ்சி. முதலில் சாகுப் பனையின் உட்சோற்று மாவினால் ஆய அம்மணி, பின்னர் மரவள்ளி மாவினாலும் செய்யப்பட்டது. மலாயாவிலிருந்து இந்தியாவுக்குச் சென்றுகொண்டிருந்த சவ்வரிசி, 1942இல் ஜப்பானியர் ஆட்சியால் நின்றது. 1943இல் சேலத்தார் தம் மரவள்ளியிலிருந்தே அதனைச் செய்யத் தொடங்கினர்.

அதே ஆண்டுகளில், அரிசி கிட்டாத ஜொகூர்த் தோட்டங்களில் நம் முன்னோர் மரவள்ளிக் கிழங்கை அவித்துண்டு உயிர் தாங்கினர். அப்பசியை அறிந்த பாட்டிமார் பின்னாளில் கிழங்கைத் தொட மறுத்தனரெனில் அது நியாயமே. பசியறியாத நாமோ, விருந்தில் சவ்வரிசிப் பாயசத்தைப் பெருமையுடன் பரிமாறிவிட்டு, அவித்த கிழங்கை மட்டும் அடுக்களையிலேயே மூடி வைக்கிறோம். இரண்டும் ஒரே வேரின் மாவன்றோ?