கசிந்த வாயு எங்கே போயிற்று?
கார் குளிர்பதனத்தின் வரலாறும் பழுதறியும் முறையும்

கோடை தொடங்கியதும் பழைய கார் ஒன்றைப் பணிமனைக்கு ஓட்டிச் சென்று, "ஏ.சி. குளிரவில்லை" என்று சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் விடை, "காஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பிவிடலாம்" என்பதே. இவ்விடையில் பாதிதான் உண்மை. பெட்ரோல் எரிந்து தீர்கிறது. குளிர்பதன வாயுவோ எரிவதில்லை, தேய்வதும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி வருவதே அதன் வேலை. அது குறைந்திருக்கிறது என்றால், எங்கோ ஒரு வழியாக வெளியேறியிருக்கிறது என்று பொருள்.

வெளியேறிய வாயு எங்கே போயிற்று? காரில் குளிர்பதனம் புகுந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் இக்கேள்வியை எவரும் பெரிதாகக் கருதவில்லை. கருதியபோது, பணிமனைப் பழக்கங்கள் மட்டுமன்றி உலக நாடுகளின் சட்டங்களும் மாற வேண்டியதாயிற்று. பழைய காரின் ஏ.சி.யில் காணும் பழுதுகளுள் பல அந்த மாற்றத்தின் எச்சங்களே. ஆகவே, பழுதை அறிய விரும்புவோர் வரலாற்றையும் அறிந்திருத்தல் நலம்.

குளிர் பிறக்கும் வகை

மண்பானையில் ஊற்றிய நீர் குளிர்வதை நாம் அறிவோம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கார் குளிர்பதனத்தின் அடிப்படையும் இதுவே. பானையில் ஆவியான நீர் காற்றோடு போய்விடுகிறது. காரிலோ ஆவியான பொருளைப் பிடித்து, மீண்டும் திரவமாக்கி, மறுபடியும் ஆவியாக்குகிறோம். வேறுபாடு இவ்வளவே.

இதற்கு நான்கு முக்கிய உறுப்புகள் உள்ளன. எஞ்சினிலிருந்து பெல்ட் மூலம் சுழலும் கம்ப்ரெஸர் ஆவியை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட ஆவி சூடேறுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. விரிவு வால்வின் சிறு துளை வழியே பாயும்போது திரவத்தின் அழுத்தம் சட்டென்று விழுகிறது. பின்னர், காரின் உட்பகுதியில் உள்ள ஆவியாக்கியில் அது கொதித்து, உட்காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வழியில் டிரையர் எனப்படும் சிறு உருளை ஒன்று ஈரத்தை உறிஞ்சி வைக்கிறது.

முதல் முயற்சிகள்

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939-இல், தன் 1940-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களுக்குக் குளிர்பதன வசதியை அறிவித்தது. இதற்குத் தனி விலை 274 டாலர். ஆவியாக்கி பின்னிருக்கைக்குப் பின்னே, சாமான் வைக்கும் பகுதியில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கம்ப்ரெஸரை எஞ்சினிலிருந்து பிரிக்க வழியில்லை. குளிர் வேண்டாமெனில் வண்டியை நிறுத்தி, இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1941-க்குப் பின் இது கைவிடப்பட்டது.

போருக்குப் பின், 1953-இல் கிறைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் மீண்டும் இத்துறையில் இறங்கின. 1954-இல் நாஷ் நிறுவனம் எல்லா உறுப்புகளையும் காரின் முன்பகுதியிலேயே அடக்கிக் காட்டியது. மின்காந்தக் கிளட்சும் வழக்கத்துக்கு வந்தது. இன்றும் ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று கேட்கும் ஒலி, இந்தக் கிளட்ச் கம்ப்ரெஸரைப் பற்றிக்கொள்ளும் ஒலியே. பழுதறிவோர் முதலில் செவிமடுக்க வேண்டியதும் அதைத்தான்.

'பாதுகாப்பான' வாயு

தொடக்க காலக் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை பயன்பட்டன. இவை மூன்றும் நச்சுத்தன்மை உடையவை. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் மாற்றுப் பொருள் ஒன்றைக் கண்டனர். ஒரு கரி அணுவுடன் இரண்டு குளோரின் அணுக்களும் இரண்டு ஃபுளோரின் அணுக்களும் சேர்ந்த பொருள் அது. ஃபிரியான்-12 என்றும், பின்னர் ஆர்-12 என்றும் பெயர் பெற்றது. ஏறத்தாழ -30° செல்சியஸில் கொதிக்கும்.

1930-இல் அமெரிக்க வேதியியற் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி இந்த வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மீது ஊதினார், சுடர் அணைந்தது. நச்சும் இல்லை, தீப்பற்றுவதும் இல்லை என்பதை அவையோர் கண்ணாரக் கண்டனர். காரில் மனிதருக்கு அருகே வைக்க இதைவிடத் தக்க பொருள் வேறில்லை என்று அன்று தோன்றியதில் வியப்பில்லை. எதனுடனும் எளிதில் வினைபுரியாத அந்தக் குணமே பிற்காலத்தில் அதன் குற்றமாயிற்று.

கார் ஏன் கசிகிறது?

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பல ஆண்டுகள் வாயு நிரப்பாமலே ஓடுகிறது. காருக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை? வீட்டுப் பெட்டியில் மோட்டாரும் கம்ப்ரெஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பற்றவைக்கப்பட்டுள்ளன. மின்கம்பிகள் மட்டுமே வெளியே வருகின்றன. காரிலோ கம்ப்ரெஸரைச் சுழற்றுவது எஞ்சின். ஆகவே அதன் தண்டு கூட்டைத் துளைத்து வெளியே வந்தாக வேண்டும். சுழலும் தண்டைச் சுற்றி வாயுவைத் தடுத்து நிறுத்துவது ஒரு சிறு சீல்தான். மேலும், எஞ்சின் அதிர்வதால் முழுவதும் உலோகக் குழாய்களைப் பயன்படுத்த இயலாது. இடையிடையே ரப்பர்க் குழாய்கள் வேண்டும். இணைப்புகள் தோறும் ரப்பர் வளையங்கள் வேண்டும். இவை யாவும் காலப்போக்கில் காய்ந்து வெடிப்பவை.

எண்ணெய் வாயுவோடு கலந்து சுற்றுவதால்தான் அந்தச் சீல் நனைந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஏ.சி.யைப் போடாமல் வைத்திருந்தால் சீல் காய்ந்து கசியும். குளிர்காலத்திலும் அவ்வப்போது சில நிமிடங்கள் ஏ.சி.யை ஓட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

இரு கடிகைகள் சொல்வது

மெக்கானிக்கின் கையிலுள்ள இரு அழுத்தமானிகள், மருத்துவரின் ஸ்டெதஸ்கோப் போன்றவை. ஒன்று தாழ் அழுத்தப் பக்கத்தையும், மற்றொன்று உயர் அழுத்தப் பக்கத்தையும் காட்டும். வெயில் நாளில் முன்னது ஏறத்தாழ 30 பி.எஸ்.ஐ., பின்னது 200 பி.எஸ்.ஐ. அல்லது சற்று மேல் காட்டினால் நலம். இரண்டும் குறைவாயின் வாயு குறைவு. இரண்டும் மிகுதியாயின் வாயு அதிகம், அல்லது கண்டென்ஸரில் தூசி அடைத்தோ விசிறி நின்றோ காற்றோட்டம் கெட்டிருக்கலாம். தாழ் பக்கம் உயர்ந்து, உயர் பக்கம் தாழ்ந்தால் கம்ப்ரெஸர் தேய்ந்துவிட்டது எனலாம். சிறிது நேரம் குளிர்ந்து, பின் நின்று, மீண்டும் குளிர்ந்தால், உள்ளே புகுந்த ஈரம் விரிவு வால்வில் பனிக்கட்டியாகி அடைப்பதாக ஐயுறலாம்.

வாயு மிகக் குறைந்தால், அழுத்த ஸ்விட்ச் ஒன்று கிளட்ச்சைத் துண்டித்துவிடும். அப்போது 'டக்' ஒலி கேட்காது. சிலர் இந்த ஸ்விட்ச்சைக் கம்பியால் இணைத்துத் தாண்டிவிடுவர். இது பெருந்தவறு. வாயு இல்லையேல் எண்ணெயும் சுற்றாது. கம்ப்ரெஸர் வறண்டு இறுகிப்போகும்.

கசிவைக் காணச் சோப்பு நுரை ஒரு வழி. அக்காலத்தில் வேறொரு கருவியும் இருந்தது. சுடர் விளக்கில் செப்புத் தகடு ஒன்றைச் சூடாக்கி, ஐயமுள்ள இடத்துக் காற்றைச் சிறு குழாயால் அதனருகே இழுப்பர். ஆர்-12 கலந்திருந்தால், அதிலுள்ள குளோரின் சுடரைப் பச்சையாக்கும். கசிந்தது புலப்பட்டும், பல இடங்களில் சீலை மாற்றாமல் ஆண்டுதோறும் வாயுவை நிரப்பிக்கொள்வதே வழக்கமாயிருந்தது. வாயு மலிவு; உழைப்புக் கூலி அதிகம்.

வானத்தில் கிடைத்த விடை

1971-72-இல் ஜேம்ஸ் லவ்லாக், பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகா நோக்கிச் சென்ற ஷாக்கிள்டன் என்னும் கப்பலில், தாம் அமைத்த நுண்ணிய கருவியால் காற்றைச் சோதித்தார். ஆர்-12-இன் உடன்பிறப்பான ஆர்-11, நடுக்கடலிலும் காற்றில் கலந்திருந்தது. கசிந்த வாயுக்கள் அழியவில்லை!

1974-இல் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் அடுத்த படியை விளக்கினர். கீழ்க்காற்றில் அழியாத இவ்வாயுக்கள் மெல்ல மேலேறுகின்றன. அங்கே புற ஊதாக் கதிர் பட்டுச் சிதைந்து குளோரினை விடுவிக்கின்றன. அக்குளோரின், நம்மைக் காக்கும் ஓசோனைத் திரும்பத் திரும்ப அழிக்கிறது. 1985-இல் ஜோசப் ஃபார்மனும் அவர் குழுவினரும், அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தின் மேலே வசந்த கால ஓசோன் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருப்பதை அறிவித்தனர். 1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மோலினா, ரோலண்டு இருவரும் பால் குருட்சனுடன் 1995-இல் நோபல் பரிசு பெற்றனர். இந்தியா 1992-இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. நம் நாட்டில் இவ்வாயுக்களைச் செய்த ஆலைகளுள் ஒன்று மேட்டூரில் இருந்தது.

வாயு மாறியது; கார் மாறவில்லை

1990-களின் முற்பகுதியில் அமெரிக்கப் புதுக் கார்கள் குளோரின் இல்லாத ஆர்-134ஏ என்னும் வாயுவுக்கு மாறின. 1995 இறுதியோடு அங்கே ஆர்-12 உற்பத்தி நின்றது. விலை ஏறவே, கள்ளக் கடத்தலும் தோன்றியது. சாலையில் ஓடிய பழைய கார்களில் பல, புதிய வாயுவுக்கு மாற்றப்பட்டன. இங்கேதான் புதுவகைப் பழுதுகள் தோன்றின.

ஆர்-12 காரில் இருந்த கனிம எண்ணெய், ஆர்-134ஏ-யோடு கலப்பதில்லை. வாயுவை மட்டும் மாற்றினால் எண்ணெய் ஓரிடத்தில் தேங்கி, கம்ப்ரெஸர் கெடும். அதற்குரிய செயற்கை எண்ணெய் வேண்டும். புது மூலக்கூறு சிறியது. பழைய ரப்பர்க் குழாயின் சுவர் வழியே ஊடுருவும். உயர் பக்க அழுத்தம் கூடுவதால் பழைய கண்டென்ஸர் திணறலாம். அளவும் வேறு: முன்பு ஒரு கிலோ ஆர்-12 கொண்ட காருக்கு, ஆர்-134ஏ ஏறத்தாழ 800 முதல் 900 கிராம் போதும். பழைய சுடர் விளக்கும் இதைக் காட்டாது. பச்சையாக்கக் குளோரின் இல்லையே! தவறி ஒன்றில் மற்றொன்றைக் கலக்காதிருக்க, நிரப்பு வாய்களையே வேறு வடிவில் அமைத்தனர்.

ஆகவே, பழைய காரில் முதலில் பார்க்க வேண்டியது நிரப்பு வாயின் வடிவமும், எஞ்சின் பகுதியில் ஒட்டிய சீட்டும். எந்த வாயு என்று தெரிந்த பின், பெல்ட், கிளட்ச், விசிறி, கண்டென்ஸர் ஆகியவற்றைப் பார்த்து, கடிகைகளை இணைக்க வேண்டும். எஞ்சிய வாயுவைக் காற்றில் விடாமல் மீட்பு இயந்திரத்தில் சேகரித்து, கசிவை அடைத்து, டிரையரை மாற்றி, வெற்றிடமாக்கி, எடை போட்டு நிரப்புவதே முறை.

ஆர்-134ஏ-யும் முழுக்க நல்லதன்று. ஓசோனைத் தொடாவிட்டாலும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு புவியைச் சூடாக்கும். இதனால் 2016-இல் கிகாலித் திருத்தம் பிறந்தது. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் ஆர்-134ஏ இல்லை.

ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது. அண்டார்க்டிகாவின் மேலே 2066 அளவில் அது 1980-இன் நிலையை எட்டும் என்று 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. இத்தனை காலம் ஏன்? ஆர்-12 வளிமண்டலத்தில் சராசரியாக நூறாண்டு வாழக்கூடியது. 1960-களில் ஏதோ ஒரு காரின் காய்ந்த சீல் வழியே வெளியேறிய வாயுவில் ஏறத்தாழ பாதி, இன்னும் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. சில ரூபாய் பெறும் ஒரு ரப்பர் வளையத்தை உரிய காலத்தில் மாற்றுவது எவ்வளவு பெரிய செயல் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.