காரைக்காலம்மை எங்கள் வீட்டுக்கு வந்த வழி

“பூஜைக்காம்மா, பார்வைக்கா?”

சுவாமிமலைப் பட்டறையில் ஸ்தபதி என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். அளவையோ விலையையோ பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவரே விளக்கினார். பூஜைக்கென்றால் நாள் பார்த்து மெழுகு பிடிப்பார்கள். கண் திறப்பதைக் கடைசிவரை தள்ளி வைத்து, அதற்கென்று ஒரு சடங்கு செய்வார்கள். பார்வைக்கென்றால் பட்டறையிலேயே கண்ணையும் செதுக்கி முடித்துவிடுவார்கள். “வேலையில வித்தியாசம் பண்ண மாட்டோம். முன்னாடி எப்படியோ பின்னாடியும் அப்படித்தான்” என்றார்.

“பார்வைக்குத்தான்” என்றேன்.

“எந்த சாமிம்மா?”

“காரைக்கால் அம்மையார்.”

அவர் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தார். “அறுபத்துமூவர் வரிசைக்கு அந்த அம்மாவைச் செஞ்சிருக்கோம். தனியா வேணும்னு வீட்டுக்கு யாரும் கேட்டதில்லை.”

நான் காரைக்காலில் பிறந்தவள். ஆனிப் பௌர்ணமியில் அம்மையாருக்கு நடக்கும் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து எறியும் மாம்பழத்தைப் பாவாடையை விரித்துப் பிடித்து வளர்ந்தவள். அழகான இளம்பெண்ணாக இருந்த புனிதவதி (அம்மையாரின் இயற்பெயர் அது), அழகே வேண்டாம் என்று உதறிப் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பது சின்ன வயதில் எனக்குப் பயமாக இருந்தது. வயதாக ஆக, நான் அறிந்த பெண்களிலேயே துணிச்சல்காரி அவள்தான் என்று தோன்றத் தொடங்கியது. முப்பத்தோரு வருடம் ஆசிரியை வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், எனக்கென்று வாங்கும் முதல் பொருள் அவளாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

சுவாமிமலைக்குப் போவதற்கு முன் சென்னையில் கடைகளில் தேடினேன். ஒரு கடையில் பச்சை பூத்த சிறிய சிலை ஒன்றைக் காட்டி, “நூறு வருஷத்துக்கு மேலான பீஸ்” என்று தணிந்த குரலில் சொன்னார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். பச்சை நிறம் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்போல மேலாக ஒட்டியிருந்தது. மூக்கின் நடுவே, நெற்றியிலிருந்து தாடை வரை மெல்லிய கோடு ஓடியது. இரண்டு பாதி அச்சை மூடி வார்த்ததன் தழும்பு அது. அமிலம் பூசிப் பச்சையாக்கிய புதுப் பித்தளைதான். அவர் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய உலோகச் சிலையைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பதே குற்றம்.

பழமை மோகம் என்னென்ன செய்திருக்கிறது என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிவபுரத்தில் 1951-இல் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த சோழர் கால நடராஜரைப் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். அசல் கடல் கடந்து கலிபோர்னியாவில் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்து, வழக்குகளுக்குப் பிறகு 1986-இல்தான் நாடு திரும்பியது. நம் காலத்துச் சிலையை நம் காலத்துச் சிலை என்றே சொல்லி வாங்குவதில் என்ன குறை? செய்தவரின் முகம் தெரியும், நாள் தெரியும், எந்தக் கோயிலின் கண்ணீரும் அதில் ஒட்டியிருக்காது. அந்தக் கடையிலிருந்து வெளியே வந்த அன்றே, சுவாமிமலைக்குப் போகக் கும்பகோணத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்தேன்.

முக்கால் அடி உயரம், கனமான வார்ப்பு என்று பேசி முடித்தோம். கனம் என்றால் உள்ளே வெற்றிடம் இல்லாமல் முழுக்க உலோகம். விலையை எடைக்குச் சொல்லாமல் வேலைக்குச் சொன்னார். எடைக்கு விலை சொல்லும் இடத்தில் விரல் நகமும் பீடமும் ஒரே மதிப்பாகிவிடும் என்பது அவர் கணக்கு. எனக்கு அது நியாயமாகப் பட்டது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது அம்மை மெழுகில் இருந்தாள். தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கொஞ்சம் கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டியது அந்த மெழுகு. கருந்தேன் நிறம். கை, கால், தலை எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்கள். சூடேற்றிய தட்டைக் கம்பியால் இணைப்பில் ஒரு தொடு தொட்டால் மெழுகு உருகி ஒட்டிக்கொள்கிறது.

சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையைக் கீறி, அதை மடித்து மடித்து அளவு எடுத்திருந்தார். ஒடியோலை என்பார்கள். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாளம் என்ற அளவு. உடல் 124 பாகம். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று எல்லாம் அந்த மடிப்புகளிலேயே இருக்கும். “அளவு சரிதாம்மா. ஆனா சதையே இல்லாத உடம்பு. எங்க கை பழகினது வேற” என்றார். சாமுத்திரிகா லட்சணத்தோடு பொலியும் உடல்களையே நாற்பது வருடமாகப் பிடித்த விரல்கள், இப்போது வற்றிய உடல் ஒன்றைப் பிடிக்க வேண்டியிருந்தது. நூல் கனத்தில் மெழுகுத் திரிகளை உருட்டி விலா எலும்புகளாக ஒவ்வொன்றாக ஒட்டினார். பக்கத்துக்கு ஐந்து. ஆறாவதை ஒட்டிப் பார்த்து, தலையைச் சாய்த்து, எடுத்துவிட்டார். முழங்கை முட்டு துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்று அதைக் கட்டைவிரலால் மூன்று முறை திருத்தினார். முகத்தில் மட்டும் கை வைக்கத் தயங்கினார். சிரிப்பா, பாட்டா? நான் பாட்டு என்றேன். உதடுகளைக் கம்பி நுனியால் ஒரு மயிரிழை பிரித்தார். அம்மை பாட ஆரம்பித்துவிட்டாள்.

வாங்குகிறவர்கள் வேறு எந்தக் கட்டத்துக்கு வராவிட்டாலும் மெழுகுக் கட்டத்துக்கு ஒரு முறை வந்துவிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம், திருத்தவும் முடியும்.

மெழுகை நிறுத்துப் பார்த்தார்கள். உலோகம் ஊற்றும் குழல்களோடு சேர்த்து 640 கிராம். ஒரு பங்கு மெழுகுக்கு எட்டிலிருந்து பத்துப் பங்கு உலோகம் என்று கணக்கு. அதற்கேற்பச் செம்பு, கொஞ்சம் பித்தளை, கொஞ்சம் ஈயம் எடுத்து வைத்தார்கள். பேருக்குத் துளி வெள்ளியும் தங்கமும் சேர்ப்பது வழக்கம். “வீட்ல ஏதும் உடைஞ்சது இருந்தா கொண்டு வாங்கம்மா” என்று முன்பே சொல்லியிருந்தார். எங்கள் அம்மாவின் திருகு உடைந்த மூக்குத்தியைக் கொண்டுபோயிருந்தேன்.

மெழுகின் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல். உமிக்கரியோடு சேர்த்துக் கண்மை பதத்துக்கு அரைத்தது. மெழுகில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் அள்ளிக்கொள்ள அந்த மண்ணால்தான் முடியும். ஸ்தபதிகள் இந்த ஊரை விட்டு நகராததற்கு அந்த மண்ணும் ஒரு காரணம். நிழலில் காய்ந்த பிறகு வயல் களிமண்ணும் மணலும் கலந்த கனத்த பூச்சுகள். அதன் மேல் இரும்புக் கம்பிக் கட்டு. இத்தனைக்கும் பிறகு பார்த்தால் அம்மை எங்கே? கருணைக்கிழங்கு மாதிரி ஒரு மண் உருண்டைதான் கிடந்தது.

வறட்டித் தீயில் அதைச் சுட்டு மெழுகை வடித்தார்கள். ஸ்தபதியின் விரல் தொட்ட உருவம் அந்த நிமிடத்தோடு போய்விட்டது. உள்ளே இருப்பது அவள் வடிவத்தில் ஓர் இடைவெளி மட்டும். உருண்டையைத் தரையில் குழி தோண்டிப் புதைத்து, வாயை மட்டும் மேலே விட்டு, ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் மூசையிலிருந்து நூல் பிடித்த மாதிரி உலோகத்தை ஊற்றினார்கள். மூக்குத்தி எந்த நேரத்தில் கரைந்தது என்று தெரியவில்லை. பட்டறையில் யாரும் பேசவில்லை.

மறுநாள் தலைப்பக்கம் முதலில் உடைத்தார்கள். முகம் அப்படியே வந்திருந்தது, உதட்டுப் பிரிவு உள்பட. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு தோள், மார்பு, வலது கை. இடது முன்கையில் மண்ணைத் தட்டியதும் ஸ்தபதியின் கை நின்றது. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. மெலிந்த கை, உலோகம் அதற்குள் போய்ச் சேருமுன் இறுகிவிட்டது. பாட்டுக்குக் கைத்தாளம் பிடித்த கை வார்க்கப்படவே இல்லை.

கையை மட்டும் தனியாக வார்த்துப் பற்றவைக்கலாமா என்று கேட்டேன். “பண்ணலாம்மா. பெயிண்ட் அடிச்சா தெரியாது. எனக்குத் தெரியும்” என்றார். மெழுகு போய்விட்டது, அச்சையும் உடைத்தாயிற்று. முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்று ரயிலில் திரும்பும்போது, தோண்டியெடுத்த பிறகு தொலைந்துபோன சிலையைப்போல் அந்த முகம் மனதை அறுத்துக்கொண்டே வந்தது.

மேற்கத்திய முறையில் இந்தத் துயரம் இல்லை. அங்கே சிற்பி செய்த மூல வடிவத்திலிருந்து எடுத்த அச்சு பத்திரமாக இருக்கும்; அதிலிருந்து வேண்டிய முறை மெழுகு எடுக்கலாம். பிரான்சில் ஒரு சிற்பத்துக்குப் பன்னிரண்டு வார்ப்பு வரைதான் அசல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுச் சிற்பி ரொதானின் படைப்புகளை இப்போது வார்ப்பதற்கும் அதே கணக்கு. எட்டுக்கு 1/8, 2/8 என்று எண் பொறிப்பார்கள். நான்கு சிற்பியின் கணக்கில். கேலரியில் நவீன வெண்கலம் வாங்குகிறவர்கள் அந்த எண்ணையும் சிற்பியின் கையெழுத்தையும் வார்ப்பகத்தின் முத்திரையையும் தேடிப் பார்ப்பது இதற்காகத்தான். சுவாமிமலையில் பார்க்க எண்ணே கிடையாது. எப்போதும் ஒன்றுதான். 2023-இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்தினார்களே, 18 டன் எடையில் நடராஜர். அவரும் இதே ஊரில் இதே மெழுகு முறையில் வார்க்கப்பட்டவர்தான்.

இரண்டாவது மெழுகுக்கு நான் போகவில்லை. போக மனம் வரவில்லை. ஸ்தபதி இந்த முறை இடது கைக்குக் கூடுதலாக இரண்டு மெழுகுக் குழல்கள் வைத்தார் என்று தொலைபேசியில் சொன்னார். கை வராத முதல் அம்மையைத் துண்டாக்கி அதே மூசையில் போட்டு, குறைந்ததற்குப் புது உலோகம் சேர்த்து ஊற்றியிருக்கிறார்கள். “உங்க அம்மா மூக்குத்தியும் அதிலேயேதாம்மா இருக்கு, கவலைப்படாதீங்க.”

இம்முறை எல்லாம் வந்தது. குழல்களை வெட்டி, உளியும் அரமும் பிடித்து, ஒரு மாதத்துக்கு மேல் வேலை. வார்ப்பை விட இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கிறது. முதுகுத்தண்டின் கணுக்களை எண்ணிவிடலாம். யாரும் பார்க்கப்போகாத முதுகு அது. இரண்டாவது முகம் முதல் முகம் மாதிரி இல்லை. உதடு சற்று அதிகம் திறந்திருக்கிறது, பாட்டு உச்சத்துக்குப் போய்விட்டது மாதிரி. எடை 5 கிலோ 100 கிராம். பீடத்தில் ஊர்வலத்துக்கான துவாரங்கள் இல்லை. வீட்டுக்கு வருகிறவள் அல்லவா. கண்ணை என் எதிரிலேயே உளியால் திறந்தார். சடங்கு இல்லை என்று சொல்லியிருந்தவர், உளியை எடுக்கும் முன் ஒரு கணம் கண் மூடிக்கொண்டார்.

ரசீதில் செய்தவர் பெயர், நாள், உலோகம், உயரம், எடை எல்லாம் எழுதி, படமும் இணைத்து வாங்கிக்கொண்டேன். வெறும் கடைச் சீட்டாக அதை நினைக்கக் கூடாது. எனக்குப் பிறகு மெல்போர்னில் இருக்கும் மகள் எடுத்துப்போக நினைத்தால், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். விமான நிலையத்தில் சோழர் காலத்துப் பொருளோ என்று சந்தேகப்பட்டு நிறுத்தும் அளவுக்கு அம்மை நன்றாக இருக்கிறாள்.

பழைய சேலையில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு சென்னை வந்தேன். எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கம். உப்புக் காற்று வெண்கலத்துக்கு ஆகாது; வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். அதனால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இடம் கொடுத்தோம். என் கணவர் பளபளப்பாக்கும் பொடி வாங்கி வந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். தேய்க்கத் தேய்க்க உளியின் நுணுக்கம் போய்விடும். உலர்ந்த பருத்தித் துணி போதும். வருடத்துக்கு இரண்டு முறை தேன்மெழுகைக் கொஞ்சம் இளக்கி மெல்லப் பூசித் துடைக்கிறேன். பட்டறையில் வடிந்து போன அதே வாசனை விலா எலும்புகளின் இடுக்கில் ஒரு நாள் முழுக்கத் தங்கியிருக்கும்.

நான்கு வருடத்தில் அவள் செம்புச் சிவப்பிலிருந்து மெல்லக் கறுத்து வருகிறாள். இடது கைத் தாளத்தின் விளிம்பு மட்டும் இன்னும் மினுங்குகிறது. கை வராமல் போன கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் எழுந்து போய் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.