வலோஜின் யெஷிவாவின் நிதி வரலாறு

வலோஜின் யெஷிவா என்பது இன்றைய பெலருஸ் நாட்டின் வலோஜின் நகரில் 19ஆம் நூற்றாண்டில் இயங்கிய யூத சமயக் கல்லூரி ஆகும். வில்னா காவோன் எனப்பட்ட எலியாவின் மாணவரான ரபி ஹயீம் இதை நிறுவினார். கிழக்கு ஐரோப்பிய யூதக் கல்விக்கு இது தந்த முன்மாதிரிகளுள் இதன் நிதி அமைப்பும் ஒன்று.

பின்னணி

அதற்கு முன் யெஷிவாக்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சமூகத்தின் ஆதரவில் நடந்தன. வெளியூர் மாணவர்கள் நாளுக்கு ஒரு வீடாக முறை வைத்து உண்டனர். இவ்வழக்கம் இத்திய மொழியில் 'எஸன் டெக்' (உண்ணும் நாட்கள்) எனப்பட்டது. மாணவருக்கு இது தன்மானத்தை உறுத்தும் ஏற்பாடாக இருந்தது. ஊரார் கை சுருங்கினால் கல்வியும் நின்றது.

நிதி திரட்டல்

ரபி ஹயீம் தொடக்கத்தில் தம் சொந்தப் பணத்தில் மாணவர்களைப் பராமரித்ததாக மரபு கூறுகிறது. 1802இல் லித்துவேனியப் பகுதி யூதர்களுக்கு அவர் ஒரு பொது மடல் எழுதி, தோரா கல்விக்கு உதவுமாறு வேண்டினார். பின்னர் 'மெஷுலாஹ்' எனப்பட்ட தூதர்கள் ஊர் ஊராகச் சென்று நன்கொடை பெற்று வந்தனர். திரட்டிய தொகையில் ஒரு பங்கு அவர்களின் ஊதியமாயிற்று. இதனால் யெஷிவா எந்த ஓர் ஊரின் செல்வந்தரையும் மட்டும் நம்பியிருக்கவில்லை. அதே வேளையில், நிலையான வருவாயும் அதற்கு இல்லை.

செலவு

தேவைப்பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. அவர்கள் அதைக்கொண்டு ஊரில் அறை எடுத்து, உணவுக்குப் பணம் கொடுத்தனர். இரந்து உண்டவர் வாடிக்கையாளரானார். ஊர்க் குடும்பங்களுக்கும் வருமானம் கிடைத்தது. 1880களில் கீவ் நகரச் சர்க்கரை ஆலை அதிபர் இஸ்ரேல் புரோட்ஸ்கியின் கொடையால், மணமான அறிஞர்கள் கற்பதற்கான ஒரு 'கோலெல்' இங்கு அமைந்தது.

நெருக்கடி

1850களில் தலைமையேற்ற ரபி நஃப்தாலி சுவி யெகூதா பெர்லின் (நெட்ஸீவ்) காலத்தில் மாணவர் தொகை 400ஐ எட்டியது. மாணவர் பெருகப் பெருக, நன்கொடை தாமதமான போதெல்லாம் கடன் வாங்க வேண்டியதாயிற்று. உலகியல் பாடங்களைக் கட்டாயமாக்கிப் படிப்பு நேரத்தைக் குறைத்த ரஷ்ய அரசின் விதிகளை ஏற்காததால் 1892இல் யெஷிவா மூடப்பட்டது. தலைமை குறித்த உட்பூசலும் இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். யெஷிவா மூடப்பட்ட பின்னும் கடன் தீரவில்லை. அச்சுமையுடன் வார்சாவுக்குச் சென்ற நெட்ஸீவ் 1893இல் அங்கேயே காலமானார்.

முக்கியத்துவம்

மீர், டெல்ஸ் முதலிய பிற்கால யெஷிவாக்களும் தொலைதூர நன்கொடையாளர்களை நம்பியே வளர்ந்தன. பலரிடம் சிறுகச் சிறுகப் பெறும் கொடை ஒரு கல்வி நிறுவனத்துக்கு உள்ளூர்ச் செல்வாக்கிலிருந்து விடுதலை தரும் என்பதை வலோஜின் காட்டியது. சேமிப்பு இல்லாத நிலையில் அந்த விடுதலையின் விலையை நிறுவனத்தின் தலைவரே சுமக்க நேர்ந்ததையும் அதன் வரலாறு காட்டுகிறது.