புலி வேஷமும் ஃபர்ரி ரசிகர்களும்

மாதனூர், ஆம்பூர் பக்கம் மிருகத் தோல் என்றாலே செருப்பு, ஷூ ஞாபகம்தான் வரும். ஆனால் மிருகத்தின் தோலைத் தன் உடம்பிலேயே வரைந்துகொண்டு ஆடுவதும் தமிழ்நாட்டில் பழைய வழக்கம். அதுதான் புலியாட்டம்.

உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, கறுப்புக் கோடு போட்டு, முகமூடியும் வாலும் கட்டி, மேளச் சத்தத்துக்குப் பாய்ந்து ஆடுவார்கள். கோயில் திருவிழாவிலும் உண்டு, மொகரத்திலும் உண்டு. 1832-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஜாஃபர் ஷரீஃபின் 'கானூன்-இ-இஸ்லாம்' மொகரப் புலி வேஷத்தைப் பற்றிச் சொல்கிறது. வேண்டுதலுக்காக வேஷம் கட்டிய இந்துக்களும் உண்டு.

அமெரிக்காவில் 1980களில் அறிவியல் புனைகதை மாநாடுகளில் சந்தித்த சிலர், மனிதரைப் போலப் பேசும் மிருகக் கதாபாத்திரங்களை நேசித்தார்கள். அவர்கள்தான் ஃபர்ரி ரசிகர்கள். அவர்களுக்கென்று 1989-ல் கலிஃபோர்னியாவில் 'கான்ஃபூரன்ஸ்' மாநாடு நடந்தது. 1997-ல் தொடங்கிய 'ஆந்த்ரோகான்' 2006 முதல் பிட்ஸ்பர்க்கில் நடக்கிறது. எல்லோரும் உடை அணிவதில்லை. பலர் வெறுமனே படம் வரைவார்கள், கதை எழுதுவார்கள்.

வித்தியாசம் என்ன? புலியாட்டத்தில் புலி ஊருக்குப் பொதுவானது. திருவிழா முடிந்ததும் சாயத்தைக் கழுவிவிட வேண்டும். ஃபர்ரி ரசிகரோ தனக்கென்று ஒரு மிருகத்தை உருவாக்கி, பெயர் வைத்து, வருடம் முழுவதும் வைத்துக்கொள்கிறார்.

புலிக்குக் கைதட்டும் நாம் ஃபர்ரியைப் பார்த்து மட்டும் ஏன் சிரிக்கிறோம்? ஊரோடு சேர்ந்து செய்தால் கலை, தனியாக ஆசைப்பட்டால் கிறுக்கு என்பது சரியா? யோசித்துப் பாருங்கள்.