பிறர் மனையில் கட்டிய திண்ணை: விளையாட்டுச் சர்வர்களின் சரித்திரம்

பிறர் மனையில் ஒருவன் தன் உழைப்பைச் செலவிட்டுத் திண்ணை ஒன்று கட்டுகிறான். வழிப்போக்கர் பலரும் அதில் அமர்ந்து இளைப்பாறுகின்றனர். சில ஆண்டுகள் கழிந்தபின் அத்திண்ணை யாருக்கு உரியது என்ற வழக்கு எழுகிறது. மனைக்கு உடையவனுக்கா, கட்டியவனுக்கா, அதை நம்பிப் பழகிய ஊராருக்கா? இவ்வினா 2014ஆம் ஆண்டில் கணிப்பொறி விளையாட்டு உலகில் பெருங்குழப்பத்தை விளைத்தது. அதன் வரலாற்றையே இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

விளையாட்டுக்கும் சரித்திரம் உண்டோ என்று சிலர் ஐயுறக்கூடும். தில்லியில் ஒரு பிள்ளையும், மும்பையில் அவன் சிற்றப்பா மகனும், சென்னையில் மற்றொருவனுமாக இருந்தபடியே ஒரே ஆட்டத்தில் கூடுவது இன்று நம் குடும்பங்களில் காணும் காட்சி. அவர்கள் கூடும் இடமே சர்வர் எனப்படும் கணிப்பொறி. சர்வர் என்றவுடன் உணவு விடுதியில் பரிமாறுபவர் நினைவுக்கு வரலாம். கேட்டவருக்குக் கேட்டதை எடுத்து வழங்குவதே இந்தச் சர்வரின் தொழிலும் ஆகும். யார் எங்கே நிற்கிறார், எவர் கையில் எப்பொருள் உள்ளது என்னும் கணக்கு முழுவதும் அதனிடம் இருக்கும். ஆட்டத்தின் விதிகளைக் காப்பதும் அதுவே. ஆகவே சர்வரில் ஒரு விதியை மாற்றினால், அங்கு வந்து ஆடுகின்ற அனைவருக்கும் ஆட்டமே மாறிவிடுகிறது.

இந்த உண்மையை முதலில் பெரிய அளவில் பயன்படுத்திக் கொண்டவர்கள் 'குவேக்' என்னும் விளையாட்டை ஆடியவர்கள். அமெரிக்காவில் ஐடி சாப்ட்வேர் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. அதன் நிரலை எழுதியவர்களுள் தலைசிறந்தவரான ஜான் கார்மாக், ஆட்ட விதிகளைக் 'குவேக்-சி' என்னும் சிறு நிரல்மொழியில் அமைத்துப் பிறரும் திருத்தும்படி திறந்து வைத்தார். இரு கட்சியாகப் பிரிந்து எதிரியின் கொடியைக் கவரும் ஆட்டம் போன்றவை அதன்மேல் எழுந்தன. பின்னர் 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இரு மாணவர்கள் 'ஹாஃப்-லைஃப்' என்னும் ஆட்டத்தின் மீது 'கவுண்டர்-ஸ்டிரைக்' என்ற மாற்றாட்டத்தை உருவாக்கினர். மூல ஆட்டத்திற்கு உரிய வால்வ் நிறுவனமே அதனை ஏற்று, 2000ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே மனைக்குடையவரும் திண்ணை கட்டியவரும் உடன்பட்டனர்.

எல்லா இடத்திலும் அவ்வாறு நிகழவில்லை. சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் 'மைன்கிராஃப்ட்' என்னும் ஆட்டத்தை முதன்முதலாக வெளியிட்டார். கனசதுரக் கட்டிகளை வெட்டியும் அடுக்கியும் உலகம் ஒன்றைச் சமைக்கும் ஆட்டம் அது. அவர் தொடங்கிய மொஜாங் நிறுவனம் சர்வர் நிரலை யாரும் பெற்று நடத்தலாம் என்று வழங்கியது. ஆனால் அதில் கூடுதல் வசதிகளைச் சேர்க்க முறையான வழி எதுவும் வைக்கப்படவில்லை. ஒருவர் பல நாள் முயன்று கட்டிய மாளிகையை மற்றொருவர் நொடியில் இடித்துவிட்டால், அதைத் தடுக்கச் சர்வர் நடத்துபவரிடம் போதிய கருவி இல்லை.

அந்நிரலைப் பிரித்துப் படிப்பதும் எளிதன்று. அது ஜாவா மொழியில் எழுதப்பட்டது. ஜாவா நிரலை ஓரளவு மீட்டுப் படிக்கலாம். ஆயினும் நிறுவனம் அதிலுள்ள பெயர்களை நீக்கி, ஏ, பி, சி என்று வெற்றெழுத்துகளை இட்டே வெளியிட்டது. எந்தச் செயலுக்கு எந்த எழுத்து என்பதை ஆர்வலர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பொருளுள்ள பெயர்களைச் சூட்டிப் பட்டியல் தொகுத்தனர். புதிய பதிப்பு வரும்போது எழுத்துகள் மாறும். பட்டியலும் திருத்தப்பட வேண்டும். கலைச்சொல் பட்டியலோடு நாள்தோறும் பழகும் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அவ்வுழைப்பின் அருமை நன்கு விளங்குகிறது.

2010ஆம் ஆண்டில் 'எச்-மோட்' என்னும் இணைப்பு நிரல் தோன்றியது. அது பெரும்பாலும் ஒருவர் கையில் இருந்தது. அவர் விலகவே பணி தடைப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் சிலர் கூடி 'புக்கிட்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வது நலம். 'மோட்' என்பது ஆட்டத்தின் நிரலையே மாற்றுவது. புதிய பொருள்களைக் கொண்டுவரும் பெரிய மோட்களைச் சர்வரில் மட்டுமன்றி, ஆடுபவர் ஒவ்வொருவரும் தம் கணிப்பொறியிலும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். 'பிளகின்' என்பதோ சர்வரில் மட்டும் தங்குவது. ஆட வருபவர் எதையும் மாற்ற வேண்டுவதில்லை.

பிளகினைச் சேர்க்கும் முறை எளியது. அதற்கென உள்ள அடைவில் கோப்பை இட்டுச் சர்வரை மீண்டும் தொடங்கினால் போதும். ஒருவர் ஒரு கட்டியை உடைக்க முற்பட்டால், சர்வர் அச்செய்தியைப் பிளகின்களுக்கு அறிவிக்கும். 'இவ்விடம் இவருக்கு உரியதன்று' என்று ஒரு பிளகின் அதைத் தடுத்துவிடலாம். 'வேர்ல்டுகார்டு' என்பது இவ்வாறே நிலத்தைக் காத்தது. ஆனால் எண்ணிக்கை பெருகினால் இடர் உண்டு. சர்வர் நொடிக்கு 20 முறை உலகத்தின் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு முறைக்கு 50 மில்லி நொடியே தவணை. ஒரு பிளகின் தாமதித்தால் அனைவர் ஆட்டமும் தடுமாறும்.

புக்கிட் பெருவழக்குப் பெற்றது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதன் முதன்மைப் பணியாளர் நால்வரை மொஜாங் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. ஊதியமின்றி உழைத்த ஏனையோர் முன்போலவே தொடர்ந்தனர். சர்வரில் இயங்கும் 'கிராஃப்ட்புக்கிட்' என்னும் பகுதியில் அவர்கள் எழுதிய நிரலும், மொஜாங்கின் நிரலிலிருந்து மீட்டெடுத்ததும் ஒன்றாகக் கலந்திருந்தன. தொண்டர்கள் தம் பங்கைக் குனூ வகைப் பொது உரிமத்தின்கீழ் வழங்கியிருந்தனர். யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம். ஆனால் பெறுபவருக்கும் அதே உரிமைகளையும் மூல நிரலையும் அளிக்க வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் நெறி. மொஜாங்கின் நிரலுக்கோ அத்தகைய உரிமம் இல்லை. இம்முரண்பாடு பல ஆண்டு பேசப்படாமலே கிடந்தது.

2014 ஆகஸ்டில் புக்கிட்டை நடத்திவந்த தலைவர் திட்டம் முடிவுற்றதாக அறிவித்தார். உடனே மொஜாங், 2012 முதலே அது தனக்கு உரியது என்று கூறியது. தொண்டர் பலர் இதனை அன்றே முதன்முதலாகத் தெளிவுற அறிந்தனர். செப்டம்பரில் அவர்களுள் ஒருவர் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி முறையீடு செய்தார். உரிமத்திற்கு உட்படாத நிரலோடு தம் நிரலைச் சேர்த்து வழங்குவது உரிம மீறல் என்பது அவர் வாதம். கிராஃப்ட்புக்கிட் விநியோகம் நின்றது. அதன் வழிவந்த 'ஸ்பிகாட்' திட்டமும் முடங்கியது. அதே மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 250 கோடி டாலருக்கு மொஜாங்கை வாங்குவதாக அறிவித்தது.

முடங்கியவர்கள் கண்ட வழி சிந்திக்கத்தக்கது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஸ்பிகாட் குழுவினர், கலந்த நிரலை வழங்குவதை விடுத்து, கட்டமைக்கும் கருவியை மட்டும் வழங்கினர். அது சர்வர் நடத்துபவரின் கணிப்பொறியில் மொஜாங்கின் மூலத்தைத் தனியே தருவித்து, அங்கேயே திருத்தங்களைப் பொருத்தியது. மூலநூலை அச்சிடாமல் உரையை மட்டும் வெளியிட்டு, 'மூலத்தை உரியவரிடம் பெற்று ஒப்பிட்டுப் படிக்க' என்று கூறுவதைப் போன்றது இம்முறை. பின்னெழுந்த 'பேப்பர்' முதலியனவும் இந்நெறியைக் கைக்கொண்டன. மொஜாங்கும் 2019இல் தன் நிரலின் உண்மைப் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. பெயர்களை மறைப்பதையே கைவிடப்போவதாக 2025இல் அறிவித்தது.

ஆனால் உரிமை தெளிந்தால் மட்டும் அச்சம் நீங்கிவிடாது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆசிரியர்களின் கணக்குகளைக் கைப்பற்றிய சிலர் மோட்களிலும் பிளகின்களிலும் தீய நிரலைப் புகுத்தினர். ஆதலால் சர்வர் நடத்தும் நம் பிள்ளைகள் அறிந்த இடத்திலிருந்தே கோப்பைப் பெறுவதும், சேர்க்குமுன் உலகத்தின் நகலை எடுத்து வைப்பதும் இன்றியமையாதன.

புக்கிட்டின் வீழ்ச்சிக்குத் தொண்டர்களின் திறமைக் குறைவு காரணமன்று; நிறுவனத்தின் ஆதரவின்மையும் காரணமன்று. எவருடைய உழைப்பு எங்கே முடிகிறது, மற்றவருடையது எங்கே தொடங்குகிறது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்காததே காரணம். நட்பு நிலவும் காலத்தில் அவ்வாறு எழுதக் கேட்பது நாகரிகக் குறைவாகத் தோன்றும். பிணக்கு வந்தபின் கேட்டால் பயன் இராது. வெளி மாநிலங்களில் பலர் சிறுகச் சிறுக ஈந்த உழைப்பால் சங்கங்களும் நூலகங்களும் நடத்திவரும் நாமும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. திண்ணை கட்டுவது நற்செயல். அது யாருக்கு உரியது என்று முதற்கல்லை வைக்கும் நாளிலேயே பேசிக்கொள்வது அதனினும் நற்செயல்.