தோட்டத் தொடருந்தின் உயர்த்திய பாதைத்தளம்

தோட்டத் தொடருந்தின் உயர்த்திய பாதைத்தளம் என்பது வீட்டுத் தோட்டத்தில் ஓடும் மாதிரித் தொடருந்தின் தண்டவாளங்களைத் தரைக்கு மேலே தாங்கும் அமைப்பு ஆகும். சரிவான நிலத்திலும் பாதையைச் சீரான மட்டத்தில் கொண்டு செல்ல இது உதவுகிறது. மழைநீர், களை ஆகியவற்றிலிருந்து தண்டவாளம் காக்கப்படுவதுடன், அதிகம் குனியாமல் பராமரிக்கவும் முடிகிறது.

பின்னணி

செருமனியின் நியூரம்பெர்க் நகரைச் சேர்ந்த லேமன் நிறுவனம் 1968 ஆம் ஆண்டில் எல்ஜிபி என்னும் வணிகப் பெயரில், வெளியிடங்களில் ஓடக்கூடிய மாதிரித் தொடருந்துகளை அறிமுகப்படுத்தியது. இவற்றின் அளவு விகிதம் 1:22.5, தண்டவாள இடைவெளி 45 மி.மீ. இது மீட்டர் பாதையின் சிறிய வடிவமாகும்.

ஏணி முறை

மரம் அல்லது நெகிழியாலான இரண்டு நீண்ட பட்டைகள் இணையாக நிறுத்தப்பட்டு, இடையில் சிறு கட்டைகள் திருகப்படுகின்றன. மேலிருந்து பார்த்தால் இது ஏணி போலத் தோன்றும். வளைவுகளில் உட்பட்டையை விட வெளிப்பட்டை நீளமானது. ஆகவே பட்டைகளை வளைத்த பின்னரே கட்டைகளை இருபுறமும் திருக வேண்டும். அதன்பின் பட்டைகள் ஒன்றையொன்று கடந்து நழுவ இயலாது. வளைவு நிலைத்து நிற்கும். இந்த ஏணி, நிலத்தில் ஊன்றிய கம்பங்களின் மீது பொருத்தப்படுகிறது. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இரசமட்டம் வைத்துச் சரிபார்த்தல் அவசியம். குறுக்குவாக்கில் சாய்வு ஏற்பட்டால் வண்டி தடம் புரளலாம். உயரத்திலிருந்து விழும் வண்டி பெரும்பாலும் சேதமடையும்.

ஏற்றம்

100 செ.மீ நீளத்தில் 2 செ.மீ உயர்வது 2% ஏற்றம் எனப்படும். ஒரு பாதை மற்றொன்றின் மேல் செல்ல 25 செ.மீ உயரம் தேவை எனக் கொண்டால், 2% ஏற்றத்தில் 12.5 மீட்டரும், 4% ஏற்றத்தில் 6.25 மீட்டரும் நீளம் வேண்டும். ஏற்றம் கூடும்போது இயந்திரம் இழுக்கக்கூடிய பெட்டிகளின் எண்ணிக்கை குறையும்.

வெப்பமும் உறைபனியும்

10 மீட்டர் நீளமுள்ள பித்தளைத் தண்டவாளம், வெப்பநிலை 40 °செ உயரும்போது ஏறத்தாழ 7.5 மி.மீ நீள்கிறது. பாலியெத்திலீன் பட்டை இதைவிடப் பல மடங்கு விரிவடையும். எனவே தண்டவாளத்தைத் தளத்துடன் இறுக்கமாகப் பிணைத்தால் அது நெளிந்துவிடும். நீள்துளைகளில் தளர்வாகத் திருகுவதும், தண்டவாள இணைப்புகளில் சிறு இடைவெளி விடுவதும் இதற்குத் தீர்வாகும்.

குளிர் நாடுகளில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிவதால் கம்பங்கள் மேலே தள்ளப்படலாம். இதைத் தவிர்க்க, உறையும் ஆழத்துக்குக் கீழே அவை ஊன்றப்படுகின்றன. அவ்வாறு செய்ய இயலாத இடங்களில், ஒவ்வொரு வசந்த காலத்திலும் பாதையின் மட்டத்தை மீண்டும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.